அஞ்சும் பறவையின் அருகே

(புக்கிட் பாத்தோக்கில் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அடிபட்ட வாத்து ஒன்று உங்கள் கைக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். புக்கிட் பாத்தோக்கில் இது நடக்காத காரியம் இல்லை. பழைய கல்லுடைப்புக் குழியில் நீர் தேங்கி உருவான லிட்டில் குய்லின் குளம் இங்கேதான் இருக்கிறது. இயற்கைப் பூங்காவுக்குள்ளும் அப்படி ஒரு குழிக்குளம். வடக்கே போனால் கிராஞ்சிச் சதுப்புநிலம். வடமேற்கே, காடாக இருந்து இப்போது நகரமாகிக்கொண்டிருக்கும் தெங்கா. நீர் இருக்கும் இடத்தில் பறவை இருக்கும். மனிதர் நெருங்கி வாழும் இடத்தில் அந்தப் பறவைக்கு அடிபடவும் செய்யும். அப்போது பெரும்பாலோர் முதலில் கேட்பது, “எங்கே காயம்?” என்றுதான். அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வியைக் கேட்கச் சொல்வேன். இது காட்டு வாத்தா, வீட்டு வாத்தா? அதற்கு என்ன விடையோ அதைப் பொறுத்துத்தான் அந்தப் பறவையின் நம்பிக்கையை நாம் பெற வேண்டுமா, பெற்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்பது முடிவாகும். இன்று நான் பேச வந்தது இந்த ஒன்றைப் பற்றித்தான்.

சிங்கப்பூரில் நாம் பார்க்கக்கூடிய காட்டு வாத்து பெரும்பாலும் சீழ்க்கைச் சிறகி. தமிழ்நாட்டு ஏரிகளில் கூட்டங்கூட்டமாய் மிதக்கும் அதே பறவை. பழுப்பு உடல், செம்பழுப்பு இறக்கை, சற்றே நீண்ட கழுத்து. பறக்கும்போது சீழ்க்கை அடிப்பதுபோல் குரல் கொடுக்கும். பகலெல்லாம் நாணல் ஓரத்தில் ஓய்ந்திருந்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் மேயக் கிளம்பும். மரப்பொந்துகளில்கூடக் கூடு வைக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும். இரவில் பறக்கிற எந்தப் பறவைக்கும் நம் நகரத்தின் கண்ணாடிச் சுவர்களும் விளக்குகளும் ஆபத்து. நீரில் மேய்கிற எந்தப் பறவைக்கும் அறுத்தெறிந்த தூண்டில் நரம்பு ஆபத்து.

மற்றது, யாரோ வளர்த்த வாத்து. வெள்ளை வாத்தாக இருந்தால் அநேகமாகப் பெக்கிங் இனம். இறைச்சிக்காகச் சீனத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கியது. உடல் கனத்தால் அதற்குப் பறக்க முடியாது. முகத்தில் சிவந்த சதைத் திட்டோடு இருந்தால் மஸ்கோவி. அதன் பூர்வீகம் மெக்சிகோ முதல் தென்னமெரிக்கா வரை. இவை குளத்தில் தாமாக வந்து இறங்குவதில்லை. யாரோ கொண்டுவந்து விடுகிறார்கள். வளர்த்துச் சலித்தவர்கள் விடுகிறார்கள். உயிரை விடுவித்தால் புண்ணியம் என்று நம்பியும் விடுகிறார்கள். விசாக தினத்தையொட்டி, விலங்குகளைக் கொண்டுபோய்ப் பூங்காவிலும் நீர்நிலையிலும் விடாதீர்கள் என்று தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் இயக்கமே நடத்த வேண்டியிருக்கிறது. பறக்கத் தெரியாத, இரை தேடத் தெரியாத, வெள்ளை வெளேரென்று தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற ஒரு பறவையை நீர்நாயும் நீர் உடும்பும் திரிகிற இடத்தில் விட்டுவிட்டு வருவதில் என்ன புண்ணியம் இருக்கிறது?

இந்தத் தீவுக்கு வாத்து புதிதில்லை. 1977ல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த சிங்கப்பூர் ஆற்றுத் துப்புரவுப் பணியின்போது, காலாங் படுகையைச் சுற்றிலும் அப்புறப்படுத்தியவற்றில் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அடக்கம். கம்பத்தில் வளர்ந்த நம் பெரியவர்களுக்கு வாத்தின் சத்தம் தினமும் காதில் விழுந்த ஒன்று. இன்றைய பிள்ளைகள் உணவங்காடியில் கொக்கியில் தொங்குவதைத்தான் பார்க்கிறார்கள். அதனால் உயிருள்ள வாத்து ஒன்று எதிரில் நொண்டிக்கொண்டு வரும்போது கை எங்கே வைப்பதென்றே தெரியாமல் நிற்கிறோம்.

சித்தார்த்தனும் தேவதத்தனும் அன்னத்துக்காக வழக்காடிய கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அம்பெய்தவனுக்குப் பறவை சொந்தமா, அம்பைப் பிடுங்கிக் காப்பாற்றியவனுக்குச் சொந்தமா? அவையின் தீர்ப்பு காப்பாற்றியவன் பக்கம். அந்தத் தீர்ப்பில் பாதிதான் எனக்கு உடன்பாடு. கொல்ல வந்தவனுக்கு உரிமை இல்லை என்பது சரி. காப்பாற்றியவனுக்கும் அது சொந்தமில்லை. கதையைச் சொல்கிறவர்கள் பலரும் கடைசியில் அன்னம் குணமாகிப் பறந்துபோனதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதையிலேயே பிடித்த இடம் அதுதான்.

காட்டுப் பறவை யாருக்கும் சொந்தமில்லை என்ற பக்கமே நம் நாட்டுச் சட்டமும் நிற்கிறது. 1965ஆம் ஆண்டின் பழைய சட்டத்தைத் திருத்தி, 2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி காட்டு உயிரினங்களுக்குத் தீனி போடுவதே குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். அனுமதியின்றிப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வதும் குற்றம். ஆகவே கையில் கிடைத்தது சிறகி என்று தெரிந்த நொடியே நம் வேலை பாதி முடிந்துவிட்டது. பெட்டியில் பத்திரமாக வைத்து, விவரம் தெரிந்தவர்களை அழைக்க வேண்டும்.

அந்தத் தெரிந்தவர்கள் நமக்கு அருகிலேயே இருக்கிறார்கள். 2001ல் லூயிஸ் இங் தொடங்கிய ஏக்கர்ஸ் அமைப்பு, 2009 முதல் சுங்கை தெங்கா பக்கத்தில் வனவிலங்கு மீட்பு நிலையம் நடத்திவருகிறது. அதன் தலைமைப் பொறுப்பில் அன்பரசி பூபாலும் கலைவாணன் பாலகிருஷ்ணனும் இருந்து உழைத்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மலைப்பாம்பு, புனுகுப்பூனை, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு என்று அழைப்பு வராத நேரமில்லை அவர்களுக்கு. அடிபட்ட காட்டு உயிரை எடுத்து, தேற்றி, மனிதரோடு ஒட்டவிடாமல் திருப்பி அனுப்புகிற கலையை இந்தத் தீவில் நிலைநாட்டியவர்களில் இரண்டு தமிழ்ப் பெயர்கள் முன்னணியில் இருப்பது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. மண்டாய் வனவிலங்குப் பூங்காக்களின் மருத்துவர்களும் இந்தப் பணியில் தோள்கொடுக்கிறார்கள்.

உதவி வந்து சேரும்வரை செய்ய வேண்டியது மிகக் குறைவு. செய்யக்கூடாததுதான் நிறைய. காற்றுப்போகத் துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் வழுக்காத பழைய துண்டு, இருட்டு, அமைதி. இவ்வளவு போதும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாத்தின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். நாம் விழுங்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். தூக்க வேண்டியிருந்தால் துண்டைப் போர்த்தி, இறக்கைகள் உடலோடு படிந்திருக்க, அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். மார்பை மட்டும் இறுக்கிப் பிடிக்கவே கூடாது. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்றுப்பைகளுக்குள் காற்று போய்வரும். அன்போடு அணைத்துப் பிடித்தே மூச்சை நிறுத்திவிட முடியும். இறக்கையின் மேலெலும்பு உடைந்து வெளியே தெரிந்தால் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடாதீர்கள். அந்த எலும்பின் உட்புறம் காற்றுப்பையோடு தொடர்புடையது. பிறகு உங்கள் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பறவைக் காய்ச்சல் உலவுகிற காலம் இது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பலர் என்னிடம், “மடியில் வைத்ததும் அப்படியே அமைதியாகிவிட்டது, என்னைப் புரிந்துகொண்டது” என்று நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார்கள். அந்த அமைதியை நம்பாதீர்கள். பிடிபட்ட பறவை செத்ததுபோல் அசைவற்றுக் கிடப்பது பயத்தின் உச்சம். அமெரிக்காவில் நரிகளிடம் பிடிபட்ட 50 வாத்துகளைக் கவனித்து 1975ல் இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். நரி கவ்விய மாத்திரத்தில் கிட்டத்தட்ட எல்லாமே அப்படி உறைந்துபோயின. பாதிக்கு மேற்பட்டவை அதனாலேயே அந்த முதல் பிடியில் உயிர்தப்பின. உங்கள் மடியில் உறைந்திருக்கும் வாத்து, தான் ஒரு நரியின் வாயில் இருப்பதாக நினைக்கிறது. அதன் நெஞ்சில் விரலை வைத்துப் பார்த்தால் இதயம் எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்.

வீட்டு வாத்தின் கதை வேறு. அதற்குத் திரும்பிப்போகக் காடு இல்லை. மனிதரை அண்டித்தான் மிச்ச வாழ்க்கை. அதனால் அதன் பயத்தைப் போக்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். ஹில்வியூ பக்கம் தரைவீட்டில் இருக்கும் என் அக்காவிடம் சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு பெண் வாத்து வந்து சேர்ந்தது. வாய்க்கால் ஓரத்தில் கிடந்ததாம். வலது காலில் நைலான் நரம்பு சுற்றிச் சுற்றி இறுகி, தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. கீழே பாதம் வீங்கிப் பளபளவென்றிருந்தது. மருத்துவர் உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு இழை இழையாக வெட்டி எடுத்தார். அக்கா அதற்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்தார். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் கோழி, வாத்து வளர்க்க அனுமதி இல்லை. அக்காவுக்குத் தரைவீடாக இருந்ததாலும், மற்றப் பறவைகள் நுழையாதபடி வலையடித்த கூண்டு போட முடிந்ததாலும்தான் வெள்ளச்சியை வைத்துக்கொள்ள முடிந்தது. நான் மாலைகளில் போய் உதவுவேன்.

வெள்ளச்சி தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். வாத்து தூங்கும்போது அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொள்ளும். நமக்கு மேலிமை இறங்குகிறது. அதற்குக் கீழிமை மேலேறிக் கண்ணை மூடுகிறது. ஆரம்பத்தில் வெள்ளச்சி சுவரோரமாக ஒண்டிக்கொண்டு, சுவர்ப் பக்கத்துக் கண்ணை மட்டும் மூடுவாள். என் பக்கத்துக் கண் திறந்தே இருக்கும். நான் எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தால், சற்று நேரத்தில் அவளும் மெல்லத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். மறுபடியும் என் பக்கம் ஒரு கண். அது ஏன் என்பதற்கான விடை ஓர் ஆய்வுக் கட்டுரையில் கிடைத்தது. 1999ல் ராட்டன்போர்க், லிமா, ஆம்லேனர் ஆகியோர் நேச்சர் இதழில் எழுதியது. மல்லார்டு வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். நடுவில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடின. ஓரத்தில் இருப்பவை கூட்டத்துக்கு வெளிப்பக்கம் பார்த்த கண்ணைத் திறந்தே வைத்திருந்தன. மூளையின் ஒரு பாதி தூங்க, மறுபாதி காவல் காத்தது. எந்தப் பக்கம் ஆபத்து வரும் என்று நினைக்கிறதோ அந்தப் பக்கத்துக் கண்ணே விழித்திருக்கும்.

இதைப் படித்தபின் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. வெள்ளச்சி என் கையிலிருந்து தின்கிறாளா என்பதைவிட, நான் பக்கத்தில் இருக்கையில் எந்தக் கண் மூடுகிறது என்பதைப் பார்க்க ஆரம்பித்தேன். பசி எடுத்தால் பயந்துகொண்டேகூடத் தின்றுவிடும். தூக்கத்தில் அப்படி நடிக்க முடியாது.

இனி, பயம் எப்படிக் குறைகிறது என்பதைப் பார்ப்போம். 1930களில் கான்ராட் லாரன்ஸும் நிக்கோ டின்பெர்கனும் ஒரு சோதனை செய்தார்கள். அட்டையில் பறவை உருவம் ஒன்றை வெட்டி, வாத்தினப் பறவைகளுக்கு மேலே கம்பியில் ஓட்டினார்கள். ஒரு திசையில் ஓடினால் நீண்ட கழுத்து முன்னால் வந்து பெருவாத்துபோல் தோன்றும். எதிர்த்திசையில் ஓடினால் அந்தக் கழுத்தே நீண்ட வாலாகிப் பருந்துபோல் தோன்றும். பருந்துபோல் வரும்போது பறவைகள் அரண்டன என்று எழுதினார்கள். பருந்தின் வடிவம் பிறவியிலேயே பறவையின் மனத்தில் பதிந்திருக்கிறது என்றுதான் வெகுகாலம் பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 1961ல் வோல்ப்காங் ஷ்லைட் வான்கோழிகளை வைத்து அதை மறுபடி சோதித்தார். எந்த வடிவத்தை அடிக்கடி பார்க்கிறதோ அதற்கு அஞ்சுவதை நிறுத்திவிடுகிறது, எது அபூர்வமாக வருகிறதோ அதற்கே அஞ்சுகிறது என்பது அவர் கண்டது. தலைக்குமேல் பெருவாத்துகள் தினமும் போகும். பருந்து எப்போதோ வரும். அவ்வளவுதான் வேறுபாடு.

வாத்தைப் பழக்குகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. தினமும் வந்து, தீங்கு செய்யாமல் போகிற ஒன்றாக நீங்கள் ஆக வேண்டும். அதற்குச் சாமர்த்தியம் வேண்டாம், ஒழுங்கு வேண்டும். அதே நேரத்துக்குப் போங்கள். அதே சட்டை நிறம் என்றால் இன்னும் நல்லது. கண்ணில் படுவதற்கு முன்னால் குரல் கொடுங்கள். அக்கா கூண்டை நெருங்குமுன் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் போவார். நின்றுகொண்டு குனியாதீர்கள். மேலிருந்து இறங்குகிற எதுவும் வாத்துக்குப் பருந்துதான். கொஞ்சம் தள்ளி, தரையில், பக்கவாட்டில் உட்காருங்கள். உற்றுப் பார்க்காதீர்கள். அதன் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றுமுற்றும் பார்க்கும். உங்களை அது ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. தீனியை வைத்துவிட்டு விலகிப் போங்கள். அடுத்தடுத்த நாள்களில் விலகும் தூரத்தைக் குறையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அது போக நினைத்தால் போவதற்கு வழி விட்டு உட்காருங்கள். மூலையில் மடக்கிப் பழக்கிய பறவை பழகியதே இல்லை.

தீனி என்றதும் ரொட்டியை நினைக்க வேண்டாம். வயிறு நிரம்புமே தவிர உடம்புக்கு ஒன்றும் சேராது. வாத்துக்குரிய தீவனம் இல்லாமல் கோழிக்குஞ்சுத் தீவனத்தையே கொடுத்தால் நியாசின் பற்றாமல் குஞ்சுகளின் கால் வளைந்துவிடும். கோழியைவிட வாத்துக்கு அந்த ஊட்டம் அதிகம் வேண்டும். பட்டாணியிலும் ஈஸ்டிலும் அது உண்டு. தேக்காச் சந்தையில் வாங்கிய கீரையைப் பொடியாக நறுக்கி, உறைபட்டாணியை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் வெள்ளச்சி அலகைப் படபடவென்று அடித்துக்கொண்டு வந்துவிடுவாள்.

சிகிச்சை நாள்களில் ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. கட்டு மாற்ற வேண்டும், களிம்பு பூச வேண்டும், மருந்து புகட்ட வேண்டும். எல்லாமே வலி. காலையில் சேர்த்த நம்பிக்கை மாலைக் கட்டில் கரைந்துபோகும். அக்கா இதற்கு ஓர் ஏற்பாடு செய்தார். தீனி வைப்பது அக்கா. மருந்து போடுவது அவர் மகன். மருந்து வேளைக்கென்று தனியாக ஒரு நீலத் துண்டு. அந்தத் துண்டு தீனி வேளையில் கண்ணிலேயே படாது. பிடித்ததும் தலையை அதால் மூடிவிடுவான். வெளிச்சம் மறைந்தால் பறவையின் பதற்றம் சட்டென்று தணியும். வேலையும் வேறு ஓர் அறையில்தான் நடக்கும். கூண்டுக்குள் வலி வரவே கூடாது என்பதில் அக்கா பிடிவாதமாக இருந்தார். சில வாரங்களில் வெள்ளச்சி நீலத் துண்டைக் கண்டால் மட்டும் மிரள்வாள். அதே பையன் துண்டில்லாமல் வந்தால் வாலை ஆட்டிக்கொண்டு தலையை மேலும் கீழும் அசைப்பாள். வாத்து அப்படிச் செய்தால் சந்தோஷம் என்று பொருள். பயம் எதன்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியும் என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

வலிக்கு மருத்துவர் கொடுத்தது மெலாக்ஸிகம். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குப் பாறுக் கழுகுகள் வாழும் முதுமலையும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் நினைவுக்கு வந்தன. இந்தியாவில் மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து, லட்சக்கணக்கில் கொன்றுபோட்டது. 2006ல் கால்நடைகளுக்கு அதைக் கொடுக்க இந்திய அரசு தடைவிதித்தது. அதற்கு மாற்றாகப் பாறுகளுக்குத் தீங்கில்லை என்று கண்டறிந்தது இந்த மெலாக்ஸிகத்தைத்தான். ஓர் உயிருக்கு மருந்தாவது இன்னோர் உயிருக்கு நஞ்சாகலாம். நாம் விழுங்கும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள் என்று முன்பே சொன்னது அதனால்தான்.

இன்னொன்று தண்ணீர். வாத்தாயிற்றே, உடனே நீரில் விட்டால் மகிழும் என்று தோன்றும். வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அலகால் அந்த எண்ணெயைத் தொட்டு இறகெங்கும் பூசி, இறகின் இழைகளை ஒன்றோடொன்று கோத்துவிட்டால்தான் நீர் ஒட்டாது. நோயில் கிடந்த வாத்து அதைச் செய்திருக்காது. அப்படியே நீரில் விட்டால் ஊறி, நனைந்து, குளிர்ந்து, மூழ்கவும் செய்யும். அதன் உடற்சூடு 41 டிகிரிக்கு மேல். நம் ஊர் வெயிலிலும் அதற்குக் குளிரெடுக்கும். முதலில் மூக்குத் துளையும் கண்ணும் முங்குமளவு ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். அதில் அது தலையை முக்கிக் கழுவிக்கொள்ளும். கோதிக்கொள்ளத் தொடங்கியபின், நீர்த்துளி முதுகில் உருண்டோடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட்டி. காட்டுப் பறவையையும் மீட்பு நிலையத்தில் இந்தச் சோதனையில் தேறாமல் வெளியே விடமாட்டார்கள். தரையும் முக்கியம். சிமெண்டுத் தரையில் நின்றே பழகினால் பாதத்தில் ஆணிபோல் புண் வரும். ரப்பர் விரிப்போ மண்ணோ புல்லோ வேண்டும்.

குஞ்சுகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பொரித்து வெளிவந்த முதல் நாளில் கண்ணெதிரே அசைகிற எதையும் வாத்துக்குஞ்சு தாயாக வரித்துக்கொள்ளும். 1935ல் லாரன்ஸ் இதை விரிவாக எழுதினார். அவர் பின்னாலேயே பெருவாத்துக் குஞ்சுகள் வரிசையாக நடக்கும் படம் உலகப் புகழ்பெற்றது. அவருக்கும் டின்பெர்கனுக்கும் கார்ல் ஃபான் ஃபிரிஷ்சுக்கும் 1973ல் நோபல் பரிசு கிடைத்தது. கில்பர்ட் கோட்லீப் என்ற ஆய்வாளர் அதற்கும் பின்னால் போனார். முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு தன் குரலையும் பக்கத்து முட்டைகளின் குரலையும் கேட்கிறது, தாயின் அழைப்பை அடையாளம் காணும் திறன் அதனால்தான் சரியாக அமைகிறது என்று காட்டினார். வீட்டு வாத்துக்குஞ்சு மனிதர் பின்னால் ஓடிவந்தால் கேடொன்றுமில்லை. சிறகிக் குஞ்சு அப்படி வந்தால் அதன் வாழ்க்கை கெட்டது. மனிதனுக்கு அஞ்சாது, தன் இனத்தோடு சேராது.

இதில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் போதாமல் போவதும் உண்டு. அமெரிக்காவில் அருகிப்போன வூப்பிங் கொக்குகளை வளர்த்தவர்கள், உடல் முழுக்க வெள்ளை அங்கி போட்டு, கையில் கொக்குத் தலைப் பொம்மை மாட்டி, வாய் பேசாமல் தீனி ஊட்டினார்கள். 2001 முதல் சிறு விமானத்தின் பின்னால் பறக்கவிட்டு விஸ்கான்சினிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வலசைப் பாதையைக்கூடக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் வளர்ந்த கொக்குகள் குஞ்சு வளர்ப்பதில் தேறவில்லை. தாய் வளர்க்காத பறவைக்குத் தாயாகத் தெரியவில்லையோ என்ற கவலை வலுத்து, 2016ன் தொடக்கத்தில் அந்த விமானப் பயணத்தை நிறுத்திக்கொண்டார்கள். அத்தனை பரிவோடு ஒளிந்துகொண்ட மனிதர்களை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. காட்டுப் பறவைக்கு நாம் காட்டக்கூடிய பரிவின் வடிவமே அந்த ஒளிந்துகொள்ளல்தான். சுங்கை தெங்காவில் திரை போட்ட கூண்டுக்கு வெளியே பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் பறவைமேல் அன்பில்லாதவர்கள் அல்லர். கொஞ்ச ஆசைப்பட்டும் கொஞ்சாமல் இருக்கிறார்கள்.

வீட்டு வாத்தும் மனிதரும் சேர்ந்து வாழ்வதன் அழகைப் பார்க்க வேண்டுமானால் அறுவடை முடிந்த காவிரிப் படுகைக்குப் போக வேண்டும். ஆயிரக்கணக்கான வாத்துகளை இரண்டு மூன்று பேர் நீண்ட கம்போடு வயலுக்கு வயல் ஓட்டிப்போவார்கள். சிந்திய நெல்லும் நத்தையும் புழுவும் தீனி. இரவில் தரிசில் வலைப்பட்டி போட்டு அடைத்து, ஓரத்திலேயே படுத்துக்கொள்வார்கள். வாத்து விடியற்காலையில்தான் முட்டையிடும். ஆகவே காலையில் அவசரப்பட்டுத் திறந்துவிடமாட்டார்கள். முட்டைகளைப் பொறுக்கியபின்தான் மேய்ச்சல். அங்கே யாரும் ஒரு வாத்தைத் தனியாகப் பழக்குவதில்லை. குரலுக்குக் கூட்டம் பழகியிருக்கிறது. கூட்டத்துக்குள் இருப்பதால் ஒவ்வொன்றும் பயமில்லாமல் இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தனியாக வைத்திருக்கும் வாத்து எவ்வளவு பழகினாலும் பெரும்பாலும் பாதிக் கண்ணோடுதான் தூங்கும். வெள்ளச்சி என் அருகில் இரண்டு கண்ணையும் மூடிய மாலைகள் உண்டு. எனக்கு அது பெரிய கொடுப்பினை. ஆனால் நான் எழுந்து வீட்டுக்குப் போனபின் இரவெல்லாம் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அக்கா அதை யோசித்துத்தான், கைவிடப்பட்ட இன்னும் இரண்டு வாத்துகளை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். முதலில் நடுவில் வலை கட்டி, பார்த்துக்கொள்ளவும் குரல் கேட்கவும் மட்டும் விட்டோம். மூன்றும் வலையை ஒட்டியே படுக்க ஆரம்பித்தபின் வலையை எடுத்தார்கள். சில நாள் கொத்தல், துரத்தல் எல்லாம் இருந்தது. இப்போது வெள்ளச்சி லேசாக விந்தியபடி அந்த இரண்டுக்கும் முன்னால் நடக்கிறாள். பட்டாணி வேளைக்கு அக்காவிடம் வருகிறாள், தின்றதும் தன் கூட்டத்துக்கே திரும்பிவிடுகிறாள்.

வீட்டு வாத்து நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்தாண்டும் அதற்கு மேலும் வாழும். இங்கே தரைவீட்டில் இருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். கைவிடப்பட்ட ஒன்றை எடுப்பதாக இருந்தால், விதிமுறைகளைக் கேட்டுக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டாக எடுங்கள். என்னைப்போல் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. மீட்பு அமைப்புகளுக்குத் தொண்டூழியர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். குளத்தோரம் நடக்கப் போகும்போது ஒரு பையும் சிறு கத்தரிக்கோலும் எடுத்துப்போங்கள். புல்லில் கிடக்கும் தூண்டில் நரம்பைப் பொறுக்கி, துண்டு துண்டாக வெட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.